ஊசி இறங்காத விறகு

விறகு காய்வதற்கு வெயிலும் காற்றும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் போதும் என்றுதான் விறகுக்கடைக்காரர் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தார். அதற்கு ஒரு வாரியமும் வேண்டும் என்பது அந்தக் கோடையின் கடைசியில்தான் அவருக்குத் தெரியவந்தது.

வாரியத்தின் முழுப்பெயர் ‘விறகு ஈரப்பத நிர்ணய மற்றும் உலர்வு உறுதிப்பாட்டு வாரியம்’. பெயர்ப்பலகை கட்டடத்தின் முகப்புக்குள் அடங்கவில்லை. ‘நிர்ணய மற்றும்’ என்ற இடத்தில் மூலை திரும்பி, மிச்சம் பக்கத்துச் சந்தில் தொடர்ந்தது. அந்தச் சந்துக்குள் ஒதுங்குகிறவர்கள் எல்லாம் வேறு அவசரத்தில் ஒதுங்குகிறவர்கள் என்பதால் யாரும் அண்ணாந்து படித்ததில்லை. ஏதோ ஒரு பெரிய மனிதர் வீட்டு அடுப்பு ஒருநாள் புகைந்து அவருக்குக் கண் எரிந்ததாம். சாதாரண ஆளாக இருந்தால் ஜன்னலைத் திறந்திருப்பார். பெரிய மனிதர் ஆனதால் வாரியம் திறந்துவிட்டார்.

விறகுக்கடை தெருக்கோடியில் இருந்தது. இரும்புக் கேட்டு, உள்ளே நீளமான ஒரு கொட்டகை. பிளந்த கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக, நடுவில் காற்றுப் புக இடம் விட்டு, ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கியிருப்பார். ரொட்டிக்கடை அடுப்புக்கும் சலவைக்கடைக் கொப்பரைக்கும் அவர் விறகுதான். சுள்ளி வியாபாரம் மனைவியுடையது. அடுப்புப் பற்றவைக்கத் தோதாக மெல்லிசாகச் சீவி, கைப்பிடி கைப்பிடியாகக் கட்டி வைப்பாள். அவள் போட்ட கட்டு தானாக அவிழ்ந்ததாகச் சரித்திரம் கிடையாது. இதுதான் அவர்கள் சொத்து. வருஷம் பூராவும் வாங்கிப் பிளந்து காயவைத்து, மழைக்காலத்தில் விற்று, அந்த வரும்படியில்தான் அடுத்த வருஷத்து மரம் வாங்க வேண்டும். அந்த விறகு போனால் கடையும் போயிற்று.

அந்த வாரம் பார்த்துக் கொட்டகையின் கூரைத் தகடுகளை இறக்கியிருந்தார். பழசு துருப்பிடித்து ஒழுகியது. புதுத் தகடுகள் வந்து சுவரோரம் சாய்ந்திருந்தன. கூரைக்காரர் மறுநாள் வருவதாகச் சொல்லியிருந்தார். அவருக்கு முன்னால் பரிசோதகர் வந்துவிட்டார்.

பரிசோதகர் கையில் ஒரு பெட்டி இருந்தது. பச்சைக் குழந்தையை ஏந்துவதுபோல அதை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். திறந்தால் உள்ளே பஞ்சு மெத்தையில் ஒரு கருவி. ஒரு முனையில் முள்ளாடும் முகம், மறுமுனையில் ஊசி. ஊசியை விறகில் குத்தினால் ஈரம் எவ்வளவு என்று முள் காட்டும்.

பரிசோதகர் ஒரு கட்டையைத் தேர்ந்தெடுத்துக் குத்தினார். ஊசி இறங்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு குத்தினார். ஊசி லேசாக வளைந்ததே தவிர விறகில் கீறல்கூட விழவில்லை.

“ஏன்யா இவ்வளவு கெட்டியா இருக்கு?”

“காஞ்ச விறகு சார். அப்படித்தான் இருக்கும்.”

“காஞ்சதா இல்லையான்னு நீங்க சொல்லக்கூடாது. கருவி சொல்லணும்.”

விறகுக்கடைக்காரர் இரண்டு கட்டைகளை எடுத்து ஒன்றோடு ஒன்று தட்டிக் காட்டினார். டங்கென்று கேட்டது. பரிசோதகர் காதைப் பொத்திக்கொண்டார்.

“அதெல்லாம் செய்யாதீங்க. சத்தத்துக்கு வாரியத்துல அங்கீகாரம் இல்ல. ஒரு வாளித் தண்ணி கொண்டு வரச் சொல்லுங்க.”

மனைவி குடிக்கத்தான் கேட்கிறார் என்று நினைத்துச் செம்பில் கொண்டுவந்தாள். அவர் வாளிதான் வேண்டும் என்றார். வாளி வந்தது. கட்டையை அதற்குள் முக்கினார். கணவனும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“என்ன சார் பண்றீங்க?”

“இதுக்குப் பேர் பக்குவப்படுத்தல். ஊசி ஏறாத மாதிரிக் கட்டைய ஏறுற அளவுக்கு ஊறவைக்கலாம்னு விதி இருக்கு. அரசாங்க ஊசி. உடைஞ்சா யார் பதில் சொல்றது?”

கட்டை ஊறிய நேரத்தில் அவர் நிதானமாகத் தேநீர் குடித்தார், இன்னொரு முறையும் குடித்தார். தன் மாமனார் வீட்டுச் சொத்துத் தகராறைப் பற்றிப் பேசினார். பிறகு கட்டையை எடுத்துக் குத்தினார். ஊசி வாழைப்பழத்தில் இறங்குவதுபோல இறங்கியது. முள் ஒரே ஓட்டமாக ஓடி மறுகோடியில் போய் முட்டிக்கொண்டு நின்றது.

“அடேயப்பா!” என்றார் பரிசோதகர். உண்மையிலேயே அதிர்ச்சி அடைந்திருந்தார். “இவ்வளவு ஈரமான விறகை என் சர்வீஸ்ல பாத்ததில்ல. இதையா ஜனங்களுக்கு விக்கறீங்க?”

“நீங்கதானே சார் ஊறவச்சீங்க!”

“ஊறவச்சது நடைமுறை. ஈரமா இருக்கறது உங்க விறகு. ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க.”

மனைவிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. “வாளியில உங்க கைய விட்டு எடுத்து ஊசி குத்தினா கூடத்தான் ஈரம்னு காட்டும். உங்களையும் மூடி சீல் வச்சுடலாமா?”

“கடமையைச் செய்யவிடாம தடுக்கறதுன்னு தனியா ஒரு பிரிவு இருக்கும்மா,” என்றார் பரிசோதகர், கோபமே இல்லாமல். கேட்டைச் சாத்தி, பூட்டி, பூட்டின்மேல் அரக்கு முத்திரை வைத்தார். மாதிரிக் கட்டையை ஒரு துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டார். கூரை இல்லாத கொட்டகையில் ஒரு வருஷத்து விறகும் சுள்ளியும் வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தன.

மறுநாள் விறகுக்கடைக்காரர் வாரிய அலுவலகத்துக்குப் போனார். இயக்குநரைப் பார்க்க வேண்டும் என்றதும் ஒரு பெஞ்சைக் காட்டினார்கள். பெஞ்சில் ஏற்கெனவே ஊரிலுள்ள மற்ற விறகுக்கடைக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருடைய விறகையும் பரிசோதகர் ஊறவைத்திருந்தார். எல்லோருடையதும் ஈரம். ஒருத்தரிடம் மட்டும் பச்சை மரம் இருந்திருக்கிறது. அதில் ஊசி சுலபமாக ஏறியதால் அவர் மட்டும் பக்குவப்படுத்தலிலிருந்து தப்பித்து, நேரடியாக ஈரம் என்று தீர்ப்பு வாங்கியிருந்தார்.

இயக்குநரின் அறையில் பெரிய மேஜையும் பெரிய ஜன்னலும் இருந்தன. ஜன்னல் வழியாக வெயில் கொட்டியது. காற்றில் ஜன்னல் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க ஒரு கட்டையை முட்டுக் கொடுத்திருந்தார்கள். விறகுக்கடைக்காரர் உற்றுப் பார்த்தார். பக்கவாட்டில் முடிச்சு ஓடிய அந்தக் கட்டையை அவருக்குத் தெரியாமல் இருக்குமா? அவருடைய மாதிரிக் கட்டைதான்.

“ஐயா, தீர்ப்பு எப்படியோ போகட்டும். கொட்டகைக்குக் கூரை இல்ல. மழை வர்றதுக்குள்ள தகட மட்டும் மாட்டிக்கறேன். விறகத் தொடக்கூட மாட்டேன்.”

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏதோ பெரிதாகச் சொல்லப்போகிறார் என்று பக்கத்தில் நின்ற குமாஸ்தா பவ்யமாகக் குனிந்தார்.

“முத்திரை வச்ச இடத்துல எந்த மாற்றமும் செய்யக்கூடாது. நீங்க கூரை போட்டா அது மாற்றம்.”

“மழை பெஞ்சு விறகு நனைஞ்சா ஐயா?”

“அது இயற்கை. இயற்கைக்கு வாரியம் தடை போடறதில்ல.”

“நனைஞ்சா எல்லாம் போச்சேய்யா!”

“உங்க விறகு ஏற்கெனவே ஈரம்னு அறிக்கை சொல்லுது. ஈரமான பொருள் நனைஞ்சா என்ன நஷ்டம்?” இயக்குநர் தன் வாதத்தின் அழகில் தானே கொஞ்ச நேரம் லயித்திருந்தார். பிறகு குரலைத் தணித்துப் பரிவோடு சொன்னார்: “ஒண்ணு புரிஞ்சுக்கங்க. நாங்க வர்றதுக்கு முன்னாடி இந்த ஊர்ல விறகு தன் இஷ்டத்துக்குக் காஞ்சிட்டிருந்துச்சு. கேக்க நாதியில்ல. இன்னிக்கு ஒரு சுள்ளி காயணும்னாகூட எங்ககிட்ட வந்தாகணும். இது வளர்ச்சியா இல்லையா?”

விறகுக்கடைக்காரர் மேல்முறையீடு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். வெளியே வந்தபோது பெஞ்சில் இருந்த மற்றவர்கள் “என்ன ஆச்சு?” என்று கேட்டார்கள். “வளர்ச்சியாம்,” என்றார்.

கடைக்கு வந்தால் கேட்டின் முன்னால் வாரியம் ஒரு காவலாளியைப் போட்டிருந்தது. முத்திரைக்கு யாராவது ஊறு செய்துவிட்டால் என்ன செய்வது? காவலாளி நல்ல மனுஷர்தான், ஆனால் சும்மா இருக்க முடியாதவர். கேட்டுக் கம்பி இடுக்கில் கையை விட்டுச் சுள்ளிக் கட்டு ஒன்றை உருவி, ஓரமாகக் கல் கூட்டித் தேநீர் போட்டுக்கொண்டிருந்தார். 

“ஒரே குச்சி! பக்குனு பத்திக்குது,” என்று விறகுக்கடைக்காரரைப் பார்த்ததும் மனசாரப் பாராட்டினார். “துளி புகை இல்ல பாருங்க. எங்க வீட்டம்மாகிட்ட சொல்லணும்.”

“அண்ணே, இத அப்படியே வாரியத்துல வந்து சொல்லுவீங்களா? ஒரு வார்த்தை போதும்.”

காவலாளி கலவரமாகப் பார்த்தார். “எனக்குக் காவல் காக்கத்தான் உத்தரவு. பத்துதா பத்தலையான்னு பாக்க உத்தரவு இல்ல.” சொல்லிவிட்டு இன்னொரு சுள்ளிக்கட்டை உருவினார்.

வானம் கறுக்கத் தொடங்கிய அன்று மனைவி பெரிய தார்ப்பாய் ஒன்றை இரவல் வாங்கிவந்தாள். பக்கத்து வீட்டு மதிலில் ஏறி, அங்கிருந்து கொட்டகை மேல் வீசி இழுப்பது என்று திட்டம். அவர் ஏணியைப் பிடிக்க, அவள் ஏறினாள். அவருக்கு மதில் ஏறினால் தலைசுற்றும். பாய் பாதி விரிந்து கட்டைகளின்மேல் விழுந்தபோது காவலாளி ஊதலை ஊதிவிட்டார். ஊத வேண்டும் என்று அவருக்கே ஆசையில்லை. ஊதலை அன்றுதான் புதிதாகக் கொடுத்திருந்தார்கள். பரிசோதகர் ஓடிவந்தார். தார்ப்பாயை இறக்கச் சொல்லி, மடித்து, அதற்கும் தனியாக ஒரு முத்திரை வைத்து எடுத்துக்கொண்டு போனார். அதைக் கொண்டுபோய் வாரியத்து வண்டிகளின்மேல் போர்த்தியதை அன்று சாயங்காலமே ரொட்டிக்கடைக்காரர் பார்த்துவிட்டு வந்து சொன்னார்.

ராத்திரிக்கு முன்பே மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழை இல்லை, சாய்ந்து சாய்ந்து அடித்தது. இருவரும் ஒரு குடைக்குள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். புதுத் தகடுகள் சுவரோரம் மடமடவென்று சத்தம் போட்டன. அவற்றைப் போட வேண்டிய இடத்தில் விறகு நனைந்துகொண்டிருந்தது. கோடை முழுக்கப் புரட்டிப் புரட்டிக் காயவைத்த கட்டைகள் கண்ணெதிரே கறுத்தன. மனைவியின் சுள்ளிக் கட்டுகள் உப்பித் தண்ணீரில் மிதந்து கேட்டுப் பக்கம் வந்தன. அவருக்கு அந்த அரக்கு முத்திரையை ஒரு கல்லால் அடித்துச் சில்லுச் சில்லாக்க வேண்டும்போல் இருந்தது. கல்லைக்கூடக் கையில் எடுத்துவிட்டார். மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வேணாங்க. உங்களையும் தூக்கி உள்ள வச்சுட்டா நான் தனியா என்ன பண்ணுவேன்?”

கல்லைக் கீழே போட்டார். அவள் அழுதுகொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் தெரிந்தது.

மழை அடங்கிய பிறகு மேல்முறையீட்டுக்கு அழைப்பு வந்தது. இயக்குநர், பரிசோதகர், குமாஸ்தா எல்லோரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். விதிப்படி அதே மாதிரியைத்தான் மறுபடி சோதிக்க வேண்டும். பரிசோதகர் ஜன்னலிலிருந்து முட்டுக்கட்டையை எடுத்துவந்தார். ஜன்னல் படாரென்று சாத்திக்கொண்டது.

சாரல் மறுபக்கமிருந்து அடித்ததால் இத்தனை நாளும் இயக்குநரின் அறைக்குள் மழை வரவில்லை, வெயில் மட்டும் வந்திருந்தது. கட்டை மறுபடியும் கல்லாக இறுகியிருந்தது. வாளி கேட்கத் தேவைப்படவில்லை. போன தடவை குத்திய ஓட்டை அப்படியே இருந்தது. பரிசோதகர் அதே ஓட்டைக்குள் ஊசியை நுழைத்தார். சுகமாகப் போய் உட்கார்ந்தது. முள் அசையவே இல்லை.

“ஈரமே இல்ல!” என்றார் பரிசோதகர். இந்த முறையும் உண்மையாகவே வியந்துபோனார்.

இயக்குநர் எழுந்து வந்து விறகுக்கடைக்காரரின் கையைக் குலுக்கினார். “பாத்தீங்களா! உங்க கையில ஈரமா இருந்த விறகு, வாரியத்துக் கைக்கு வந்ததும் காஞ்சுடுச்சு. உங்க சரக்கு முழுசுக்கும் உலர்வுச் சான்றிதழ் குடுக்கறோம். ஊர்லயே உங்களுக்கு மட்டுந்தான்.”

“மத்தவங்களுக்கு ஐயா?”

“அவங்க மாதிரியெல்லாம் கிடங்குல இருந்துச்சு. அங்க ஒழுகும்.”

முத்திரையை உடைத்தார்கள். விறகுக்கடைக்காரர் கேட்டைத் திறந்து உள்ளே போனார். காலுக்கடியில் சதசதவென்றது. கட்டைகளின் இடுக்குகளில் வெள்ளையாகக் காளான் பூத்திருந்தது. ஒரு கட்டையை எடுத்து இன்னொன்றோடு தட்டினார். தொப்பென்றது. அடுத்த கோடைவரை அது எரியாது. அதற்குள் பாதி மக்கிவிடும். சான்றிதழைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துப் பார்த்தார். அதன்மீது அவர் கையிலிருந்த ஈரம் பட்டது.

ஒரு வாரம் கழித்து வாரியத்திலிருந்து ஆள் வந்தார். வாரியத்தின் ஆண்டு விழாவாம், பெரிய விருந்தாம். சான்றிதழ் பெற்ற விறகில்தான் சமைக்க வேண்டும் என்பது வாரியம் தானே போட்ட விதி. ஊரில் சான்றிதழ் பெற்ற விறகு இவருடையது மட்டும். விழாச் சமையலுக்கும் கிளை அலுவலகக் கொதிகலன்களுக்குமாக மொத்தச் சரக்கையும் வாரியமே எடுத்துக்கொள்கிறது என்று ஆணை.

ஈர விறகைத் தெரிந்தே யார் தலையிலும் கட்டியவர் இல்லை அவர். அடித்துப் பிடித்துக்கொண்டு இயக்குநரிடம் ஓடினார்.

“ஐயா, அது இப்ப ஈர விறகு. ஊசியே வேணாம், விரலாலயே குத்தலாம். வாங்காதீங்க.”

இயக்குநரின் முகம் மாறியது. “வாரியம் காஞ்சதுன்னு எழுதிக் குடுத்த விறகை ஈரம்னு சொல்றீங்களா? இது அவதூறு. மேல்முறையீட்ல ஜெயிச்சவர்ங்கறதால விட்டுடறேன். இன்னொரு தடவை உங்க வாயிலேருந்து அந்த வார்த்தை வந்தா சான்றிதழ் ரத்து, கடை ரத்து.”

“ஒருதரம் வந்து பாத்துட்டாவது...”

“பாக்கறதுக்கெல்லாம் அங்கீகாரம் இல்ல.”

வீட்டுக்கு வந்து தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மனைவி எல்லாவற்றையும் கேட்டாள். அவள் முகத்தில் மழை நாளுக்குப் பிறகு முதல் தடவையாக ஒரு தெளிவு வந்தது.

“தரமாட்டேன்னா குத்தம். ஈரம்னு சொன்னாலும் குத்தம். அப்படித்தானே?”

“அப்படித்தான்.”

“அப்புறம் என்னங்க யோசனை? லாரிக்குச் சொல்லுங்க. ஒரு சுள்ளிகூட இங்க மிஞ்சக்கூடாது.”

விழாவன்று வாரியக் கட்டடம் தோரணமும் விளக்குமாக ஜொலித்தது. கூட்ட அரங்கு நிரம்பி வழிந்தது. சமையல்கட்டு அரங்கை ஒட்டியே இருந்தது. நடுவில் ஒரு கதவு, அதுவும் சரியாகச் சாத்தாது. இயக்குநர் மேடையேறி ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது கதவிடுக்கு வழியாக முதல் புகை வந்தது. மெல்லிசாக, கூச்சப்பட்டுக்கொண்டு வந்தது. அப்புறம் கூச்சம் விட்டுப்போயிற்று.

சமையல்காரர் கரிபூசிய முகத்தோடு மேடைக்கே ஓடிவந்தார். “ஐயா, விறகு பத்தவே மாட்டேங்குது. ஊதி ஊதி உயிர் போகுது. கட்டைய வச்சா அடுப்புலேருந்து தண்ணி சொட்டுது.”

“சான்றிதழ் வாங்கின விறகு அது,” என்றார் இயக்குநர், ஒலிபெருக்கியைக் கையால் பொத்திக்கொண்டு. “உங்க அடுப்புக்குச் சான்றிதழ் இருக்கா?”

“அடுப்புக்கா? இல்லைங்க.”

“அப்ப ஈரம் அடுப்புலதான் இருக்கு. போய் வேலையப் பாருங்க.”

அரங்கில் முன்வரிசை கண்ணைக் கசக்கத் தொடங்கியது. பின்வரிசை இருமியது. விளக்குகள் மஞ்சள் புள்ளிகளாக மங்கின. யாராவது ஜன்னலைத் திறப்பார்கள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். திறந்தால் புகை இருக்கிறது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பதால் யாரும் எழவில்லை. இயக்குநர் பேசினார்:

“அன்பார்ந்த ஊழியர்களே! நம்முடைய... நம்முடைய உழைப்பால் இன்று இந்த ஊரில் புகை என்பதே இல்லை.” இருமினார். “சிலருடைய கண்கள் கலங்குவதைப் பார்க்கிறேன். என் கண்களும் கலங்குகின்றன. இது பெருமிதம்!”

பரிசோதகர் எழுந்து நின்று கை தட்டினார். அவர் கண்ணிலிருந்து தாரை தாரையாகப் பெருமிதம் வழிந்தது. அடுத்து குமாஸ்தா, பிறகு அரங்கமே எழுந்து, மூக்கை உறிஞ்சியபடி, பக்கத்தில் நிற்பவரின் முகம் தெரியாமல் கை தட்டியது.

அந்தக் கைதட்டலுக்கு நடுவே விறகுக்கடைக்காரர் தடவித் தடவி மேடையருகே வந்தார். மூக்கில் துண்டைக் கட்டியிருந்தார். இயக்குநரின் கால் பக்கம் நின்று, மரியாதையாகக் குரலை உயர்த்தினார்.

“ஐயா, இது முதல் லோடுதான். இன்னும் ரெண்டு லாரி வாசல்ல நிக்குது. எங்க இறக்கட்டும்?”

இயக்குநர் வாயைத் திறந்தார். வாய் நிறையப் புகை போயிற்று. வேண்டாம் என்று சொல்வதற்கு ஒரு காரணம் வேண்டும், அந்தக் காரணத்தை அவர்தான் தடைசெய்திருந்தார். மேஜையைப் பிடித்துக்கொண்டு, இருமியபடி, சமையல்கட்டுப் பக்கம் கையைக் காட்டினார்.

விறகுக்கடைக்காரர் வாசல் பக்கம் திரும்பினார். அங்கே முன்னால் நின்ற லாரியின் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு மனைவி நின்றிருந்தாள்.

“உள்ள வரச் சொல்லிட்டாங்க!” என்று கத்தினார். “வரட்டும், அப்படியே பின்னாடியே வரட்டும்!”